வாளுக்கு முன் சப்பாத்து

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



ஒரு வைத்தியர் மேடைக்கு வந்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று தொடங்குவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பீர்கள். நான் இன்று பேசப்போவது சப்பாத்தைப் பற்றி. அதிலும் வாள்வீச்சுக்குப் போடும் சப்பாத்தைப் பற்றி. சிரிக்கலாம்; சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் காது கொடுங்கள்.

நூற்றாண்டு நினைவாக நமது பாடசாலையில் வாள்வீச்சுப் பயிற்சி தொடங்கச் சங்கம் தீர்மானித்திருப்பது உங்களுக்குத் தெரியும். வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலைச் செயலாளர் எனக்கும் அனுப்பி, மருத்துவ நோக்கில் பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தார். முகக்கவசம், மேலங்கி, கையுறை, மார்புக் கவசம், வாள்கள் எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. கடைசி வரியில் மட்டும் 'சப்பாத்து: பிள்ளைகள் தாங்களே கொண்டு வர வேண்டும்' என்று இருந்தது. அந்த ஒரு வரியை மாற்றும்படி கேட்கத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. வாள்வீச்சில் மூன்று வகை வாள்கள் உண்டு: ஃபொயில், எப்பே, சேபர். நவீன ஒலிம்பிக் 1896இல் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் இந்த விளையாட்டு இருந்து வருகிறது. ஆனால் பெண்களுக்கு இடம் கிடைத்தது 1924ஆம் ஆண்டு பாரிஸில்தான், அதுவும் ஃபொயிலில் மட்டும். டென்மார்க்கைச் சேர்ந்த எலன் ஓசியர் அந்த முதல் தங்கத்தை வென்றார். பெண்களுக்கான எப்பே வர 1996 ஆனது. சேபர் வர 2004 ஆனது. ஒரு நூற்றாண்டில் பெண்கள் ஒவ்வொரு வாளாக வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்லலாம். நூறு வயதை எட்டியிருக்கும் பெண்கள் பாடசாலை இந்த விளையாட்டைத் தேர்ந்தெடுத்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

நமக்குக் கிட்டிய உதாரணம் ஒன்றும் உண்டு. சென்னை வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த பவானி தேவி 2004இல் பாடசாலை மாணவியாக வாள்வீச்சில் சேர்ந்தார். மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால் இதில் சேர்ந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். வாள் விலை கூடியது என்பதால் தொடக்கத்தில் மூங்கில் குச்சிகளை வைத்துப் பழகினார்கள். செலவைச் சமாளிக்க அவருடைய தாயார் நகைகளை அடகு வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளைதான் டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலையில், இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் வாள்வீச்சில் இறங்கிய முதல் வீராங்கனை ஆனார். முதல் ஆட்டத்தில் துனீசிய வீராங்கனையை 15–3 என்று வென்றார்; அடுத்ததில் பிரான்ஸின் மனோன் புரூனேயிடம் 7–15 என்று தோற்றார். 2023 ஆசியச் சம்பியன்ஷிப்பில் அப்போதைய உலகச் சம்பியனான ஜப்பானின் மிசாகி எமுராவை வென்று வெண்கலம் பெற்றார்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாளுக்குப் பதில் மூங்கில் குச்சியை வைத்துப் பழகலாம். கைக்கு ஒன்றும் ஆகாது. காலுக்கு அப்படிப் பதில் வைக்க முடியாது. சப்பாத்து பிழையென்றால் முதல் மாதத்திலேயே கால் சொல்லிவிடும்.

ஏன் என்று பார்ப்போம். வாள்வீச்சு நடக்கும் பாதை 14 மீற்றர் நீளம். அகலம் ஒன்றரை முதல் இரண்டு மீற்றர்தான். அந்த ஒடுங்கிய பாதையில் முன்னும் பின்னும் போக வேண்டும். நிற்கும் முறையே வேறு. வாள் பிடித்த கையின் பக்கத்துக் கால் எதிராளியை நேராகப் பார்க்கும். மற்றக் கால் அதற்குச் செங்குத்தாகப் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். முழங்கால்கள் இரண்டும் மடிந்திருக்கும். தாக்கும்போது முன்கால் நீளமாகப் பாயும். அந்தப் பாய்ச்சலில் முன்காலின் குதி நிலத்தில் ஓங்கி இறங்குகிறது. பின்காலின் உட்பக்க விளிம்பு நிலத்தோடு உராய்ந்து இழுபடுகிறது. ஒரு பயிற்சி வேளையில் இது நூற்றுக்கணக்கான தடவை நடக்கும்.

ஆகவே ஒரே சோடிச் சப்பாத்துக்கு இரண்டு வேலை. முன்கால் சப்பாத்து குதியில் அடியைத் தாங்க வேண்டும். பின்கால் சப்பாத்து உட்பக்கத்தில் தேய்வைத் தாங்க வேண்டும். இடதுகைப் பிள்ளைக்கு இது மாறி வரும். வாள்வீச்சுக்கென்றே செய்த சப்பாத்தில் குதி பின்பக்கம் வளைந்து றப்பரால் மூடப்பட்டிருக்கும்; உட்பக்க விளிம்பில் தடித்த பட்டை இருக்கும்; அடி தட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்கும். நல்ல பொருள்தான், விலையும் அதற்கேற்றது. முதல் ஆண்டில் அது தேவையில்லை என்பது எனது கருத்து.

நமது பிள்ளைகளின் வீட்டில் இருக்கக்கூடியவை இரண்டு வகை. ஒன்று, பாடசாலைக்குப் போடும் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து. அதன் அடி மெல்லியது; குதியில் மெத்தை இல்லை. பாய்ச்சலின் அடி முழுவதும் குதி எலும்புக்கே போகும். எட்டு முதல் பதினான்கு வயதுவரை குதி எலும்பின் பின்பக்கத்தில் வளர்ச்சித் தட்டு இன்னும் முதிராமல் இருக்கும். அந்த வயதில் அங்கே திரும்பத் திரும்ப அடிபட்டால், காலையில் எழுந்து குதியூன்ற முடியாமல் நொண்டுவார்கள். அம்மாமார் 'பாடசாலைக்குப் போகப் பஞ்சி' என்று நினைப்பார்கள். பஞ்சி இல்லை, நோவு.

இரண்டாவது, ஓடுவதற்கான சப்பாத்து. பார்க்கப் பெரிய மெத்தையோடு இருப்பதால் இதுதான் நல்லது என்று தோன்றும். ஓட்டம் என்பது முன்னோக்கி மட்டும் போவது; அந்தச் சப்பாத்து அதற்கென்றே செய்தது. குதி உயரமாக, வெளியே அகன்று இருக்கும். பக்கவாட்டில் நிற்கும் பின்காலுக்கும் சட்டென்று திரும்பும் கணுக்காலுக்கும் அந்த உயரம் ஆபத்து. மாடிப்படி விளிம்பில் நிற்பதுபோல் கால் உருளும். வெளிப்பக்கத் தசைநார் இழுபட்டால் அதைத்தான் நாங்கள் சுளுக்கு என்கிறோம். ஒருமுறை சுளுக்கிய கணுக்கால், சரியான உடற்பயிற்சி கொடுத்து ஆற்றாவிட்டால், மறுபடியும் சுளுக்கும்.

பிறகு எதை வாங்குவது? பூப்பந்து, கரப்பந்து போன்ற உள்ளக விளையாட்டுக்கான சப்பாத்து போதும். தட்டையான, உயரம் குறைந்த, நிலத்தைப் பிடிக்கும் மென்றப்பர் அடியோடு இருக்கும். கடையில் மூன்று சோதனை செய்யுங்கள். குதிப் பக்கச் சுவரைப் பெருவிரலால் அழுத்துங்கள்; அது மடங்கக் கூடாது. முன்பக்கத்தை வளையுங்கள், விரல்கள் மடியும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் வளையக் கூடாது. இரண்டு முனையையும் பிடித்து ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். இலகுவில் முறுகினால் திரும்ப வைத்துவிடுங்கள். பின்னர் போட்டுக்கொண்டு கடையிலேயே முழங்காலை மடித்து ஒரு பாய்ச்சல் பாய்ந்து பார்க்க வேண்டும். வெட்கப்பட வேண்டாம், கடைக்காரருக்கும் பொழுதுபோகும்.

இனி அளவு. நான் இப்போது பணியாற்றுவது வில்கமுவயில். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரம். மகாவலி குடியேற்றக் கிராமங்களும் வயல்களும் சூழ்ந்த இடம். அங்கே எனது நாளின் பெரும்பகுதி சிங்களத்தில்தான் கழிகிறது. ஆனால் சப்பாத்து என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற அந்தச் சொல் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வழக்கமும் ஒன்றுதான்: 'வளருற பிள்ளை' என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கி, முன்னுக்குப் பஞ்சு அடைப்பது.

கரப்பந்து விளையாடும் ஒரு மாணவியை அவருடைய தாய் கூட்டி வந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது, அந்தத் தவணையில் அது மூன்றாவது தடவை. பிள்ளையின் உடலில் ஒரு குறையும் இல்லை. அண்ணனுடைய சப்பாத்தைப் போட்டு விளையாடியிருக்கிறார். அண்ணனுடைய கால் இந்தப் பிள்ளையின் காலைவிட நீளம், குதியும் அகலம். பெண்பிள்ளைகளின் பாதம் பொதுவாக முன்பக்கம் அகன்று குதிப் பக்கம் ஒடுங்கியிருக்கும். ஆண்களின் அச்சில் செய்த சப்பாத்து முன்னுக்குப் பொருந்தினால் பின்னுக்குக் கழலும். 'புதிது வாங்கும்வரை விளையாட வேண்டாம்' என்று நான் சொன்னால் அந்தப் பிள்ளையின் விளையாட்டு அன்றோடு முடிந்திருக்கும். அவருடைய ஆசிரியர் ஒருவர் பேசாமல் ஒரு சோடி வாங்கிக் கொடுத்தார். அந்த ஆண்டு முழுவதும் அவர் மறுபடி என்னிடம் வரவில்லை. வைத்தியருக்கு அதைவிட நல்ல செய்தி என்ன!

அளவெடுக்கும் முறையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் எடுங்கள், பகல் முழுவதும் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். விளையாடும்போது போடும் காலுறையைப் போட்டுக்கொண்டு, சுவரில் குதி முட்ட ஒரு தாளின் மேல் எழுந்து நிற்க வேண்டும். இருந்தபடி எடுத்த அளவு குறைவாக வரும். மிக நீண்ட விரலின் நுனியில் கோடு போட்டுச் சென்ரிமீற்றரில் அளக்க வேண்டும். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுக்க வேண்டும். விரல் நுனிக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் போதும். அதற்குக் குறைந்தால் நகம் கறுக்கும். கூடினால் கால் உள்ளே வழுக்கிக் கொப்புளம் வரும். வளரும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் மறுபடி அளக்க வேண்டும்.

காலுறை முழங்கால்வரை நீளமானதாக இருக்கட்டும். வாள்வீச்சு விதிப்படி அது காற்சட்டையின் விளிம்புக்கு உள்ளே போக வேண்டும். எப்பே விளையாட்டில் உடல் முழுவதுமே இலக்கு. எதிராளியின் வாள்முனை கால்விரலைத் தொட்டாலும் புள்ளிதான். எனவே முன்பக்கம் கிழிந்த சப்பாத்தோடு பிள்ளையை இறக்கக் கூடாது.

பராமரிப்பு சிறிய வேலை. இந்தச் சப்பாத்தை மண்டபத்துக்குள் மட்டும் போட வேண்டும். நமது மண்டபத்துச் சீமெந்துத் தரை மினுமினுப்பானது, தூசியும் சேரும். பயிற்சிக்கு முன் ஈரத்துணியால் அடியைத் துடைத்தால் வழுக்காது. நனைந்தால் உள்ளே பத்திரிகைத் தாளை அடைத்து நிழலில் உலர்த்துங்கள். கடும் வெயிலில் பசை விட்டுப்போகும். குதியின் மெத்தை அமுங்கிவிட்டாலோ உட்பக்க விளிம்பு தேய்ந்து துணி தெரிந்தாலோ அதன் காலம் முடிந்தது.

இப்போது வெளிநாட்டில் இருக்கும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. இந்த மலர் ரொறொன்ரோவுக்கும் இலண்டனுக்கும் மெல்பேணுக்கும் போய்ச் சேரும். வாசித்ததும் உங்களில் பலர் ஒரு பெட்டி நிறையச் சப்பாத்து அனுப்ப நினைப்பீர்கள். அந்த மனதுக்கு நன்றி. தயவுசெய்து கண்ணளவில் வாங்கி அனுப்பாதீர்கள். பிரித்தானிய இலக்கமும் ஐரோப்பிய இலக்கமும் வேறு. ஒரே இலக்கம் ஒரு நிறுவனத்தில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் இன்னொருவிதமாகவும் இருக்கும். பிள்ளைகள் போட்டுக் கழித்ததையும் அனுப்ப வேண்டாம். அது வேறொருவரின் நடைக்குத் தேய்ந்தது. பணமாக அனுப்புங்கள். பிள்ளை கடைக்குப் போய், போட்டு, பாய்ந்து பார்த்து வாங்கட்டும்.

சங்கத்திடம் எனது வேண்டுகோள் மூன்று. முதலாவது, பட்டியலில் சப்பாத்தை முகக்கவசத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள், இரண்டுமே பாதுகாப்புக்குரியவை. இரண்டாவது, பயிற்சியில் சேரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சங்கமே வாங்கிக் கொடுக்கட்டும். 'வசதியில்லாதவர்கள் கை உயர்த்துங்கள்' என்று கேட்டால் கை உயராது. அடுத்த கிழமை அந்தப் பிள்ளை பயிற்சிக்கும் வராது. கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் பாதணி வவுச்சர் எத்தனை பிள்ளைகளை வகுப்பறைக்கு நிமிர்ந்து வரச் செய்கிறது என்பதை நான் கண்ணால் காண்கிறேன். மூன்றாவது, அளவெடுக்கும் பொறுப்பை என்னிடம் தாருங்கள். ஒவ்வொரு தவணையும் ஒரு சனிக்கிழமை வில்கமுவயிலிருந்து வருகிறேன். அளவுநாடாவும் தாளும் என்னுடையவை.

பணம் போதாதென்றால் வாள்களில் இரண்டைக் குறையுங்கள். ஒரு வாளை இரண்டு பிள்ளைகள் மாறி மாறிப் பிடிக்கலாம். ஒரு சப்பாத்தை அப்படி மாற்ற முடியாது.

பின்வரிசைத் தங்கைமாரே, உங்களில் யார் இதில் சேர்வீர்கள், யார் எவ்வளவு தூரம் போவீர்கள் என்பதை இன்று யாராலும் சொல்ல முடியாது. காலுக்குச் சப்பாத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் எவரும் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. பாய்வது உங்கள் வேலை.