கோழிக் கூட்டின் அளவு

(தரங்கம்பாடி வட்டாரத்து ஊராட்சி உறுப்பினர்கள், உழவர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கோழிக் கூட்டைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நாற்றங்காலில் கோழி இறங்கிற்று என்று தொடங்கி, இரு குடும்பங்கள் பேச்சற்றுப் போன வழக்குகள் உறுப்பினர்களுக்குப் புதியவை அல்ல. போதிய கூடு இல்லாமையே அவற்றிற் பலவற்றுக்குக் காரணம்.

முதலில் நம் பிழை ஒன்றைக் கூறிவிடுகிறோம். முன்பு நாம் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், கணவரை இழந்த அம்மையார் ஒருவர் ஆவணி மாதத்தில் 40 குஞ்சுகள் வாங்கினார். குஞ்சுகள் சிறியனவாக இருந்தமையால், 4 அடி நீளமும் 4 அடி அகலமும் போதும் என்று நாமே கூறினோம். ஐப்பசியில் அவை வளர்ந்துவிட்டன. ஒரு வாரம் மழை விடவில்லை. 16 சதுர அடியில் 40 கோழிகள் இரவும் பகலும் நெருங்கிக் கிடந்தன. தடுப்பூசியும் தவறியிருந்தது. வெள்ளைக் கழிச்சல் புகுந்தது. பாதிக்கு மேல் மடிந்தன. அந்த அம்மையார் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. அதுவே நமக்குப் பெருந்துன்பமாயிற்று. குஞ்சைப் பார்த்துக் கூட்டை அளந்தது நம் தவறு.

அப்படியாயின் எதைக் கொண்டு அளப்பது? இரண்டு கணக்குகள் போட வேண்டும்.

முதலாவது இரவுக் கணக்கு. பகலெல்லாம் வெளியே மேயும் நாட்டுக்கோழி இரவில் அடைவதற்கு, வளர்ந்த கோழி ஒன்றுக்கு 1 சதுர அடி வேண்டும். அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டரசு ஏழை மகளிர்க்கு 50 விழுக்காடு மானியத்தில் 4 வார வயதுடைய 40 குஞ்சுகள் வழங்கிற்று. அந்த 40 குஞ்சுகளும் வளர்ந்தால் 40 சதுர அடி தேவை.

இரண்டாவது பகற் கணக்கு. நம் பகுதியில் கோழிகளைப் பகலிலும் அடைத்து வைக்கும் நாட்கள் உண்டு. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதையொட்டிக் குறுவை நாற்றங்கால். பின்னர்ச் சம்பா நாற்றங்கால். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. இந்நாட்களில் ஒரு கோழிக்கு 2 சதுர அடியேனும் வேண்டும். 40 குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சேவல்களாக இருக்கும். அவற்றை நான்கைந்து மாதத்தில் விற்றுவிட்டால், 18 பெட்டைகளும் 2 சேவல்களுமாக 20 நிற்கும். இவற்றுக்கும் 40 சதுர அடியே தேவை.

இரு கணக்கும் ஒன்றாகவே முடிகின்றன. ஆகவே 8 அடி நீளம், 5 அடி அகலம் உள்ள கூடு ஒரு குடும்பத்திற்கு ஏற்றது. இரு பக்கமும் கதவு வைத்தால் எந்த மூலைக்கும் கை எட்டும். கூட்டி அள்ளுவது எளிது. சேவல்களை விற்குமுன் மழை பிடித்துக்கொண்டால், முற்றியவற்றை முன்னதாகவே விற்றுவிடுக. அல்லது திண்ணையோரம் பஞ்சாரத்தில் பிரித்து வைக்கவும்.

இதைவிடப் பெரிதாகக் கட்டினால் என்ன என்று கேட்கலாம். கூடு பெரிதானால் கோழியும் பெருகும். கொல்லையில் உள்ள கறையானும் புழுவும், வீட்டுத் தவிடும், களத்தில் சிந்திய நெல்லும் போதா. தீவனத்தைக் காசு கொடுத்து வாங்க நேரும். வருவாய் தீவனக் கடைக்கே போய்விடும்.

அகலநீளம் மட்டும் அளவாகாது, உயரமும் அளவே. மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்ட ஊர் இது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும் இவ்வூர் மறக்கவில்லை. தண்ணீரின் வலிமையை உங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் கொல்லையில் நீர் நின்ற மட்டத்தைப் பார்த்து, அதற்கு மேல் 2 அடி உயரத்தில் கூட்டின் தளம் அமையட்டும். சவுக்குக் கால்களும் மூங்கிற் பிளாச்சுகளும் கீற்றுக் கூரையும் போதும். நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். வாடைக் காற்றுப் பக்கம் கீற்றுப் படல் கட்டுக. கீரியும் பாம்பும் நுழையாதபடி அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடித்தல் வேண்டும். 8 அடிக் கம்புகள் இரண்டு உள்ளே குறுக்கே வைத்தால் 20 கோழிகள் அமரும். 5 பெட்டைக்கு ஒன்று வீதம் 4 முட்டைப் பெட்டிகள் வைக்கவும்.

விடியலில் கூட்டைத் திறந்ததும் குனிந்து முகர்ந்து பாருங்கள். கண் எரிந்தால், கூட்டில் ஈரமோ நெருக்கமோ மிகுந்துவிட்டது என்று அறிக. கூடு சரியாக இருப்பினும் தடுப்பூசியை விடலாகாது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தைக் கேட்டு உரிய வயதில் போட்டுக்கொள்க.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் ஒரு தாய்க்குக் குஞ்சுகள் வழங்கப்படும் என்று கேள்வியுற்றால், ஓர் அளவு நாடாவுடன் அவர் கொல்லைக்குச் செல்லுங்கள். கூடு முடிந்த பிறகே குஞ்சுகள் வந்திறங்கட்டும். நாம் அன்று செய்யத் தவறியது அதுவே.