கோல் எடுக்குமுன் கால் ஊன்றுக

(சங்கத்தின் ஆண்டு விழாவில், இளைஞர் அரங்கில் நிகழ்த்திய உரை)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எனக்கும் கோல்ஃப் விளையாட்டுக்கும் யாது தொடர்பு என்று உங்களிற் சிலர் வியக்கக்கூடும். தொடர்பு உண்டு. அது நான் செய்த ஒரு தவற்றினால் வந்தது. அத்தவற்றை மட்டாஞ்சேரியில் வேறொரு தமிழ்ப் பெற்றோர் செய்யலாகாது என்பதே இவ்வுரையின் நோக்கம்.

என் தமக்கையாரின் புதல்வன் என் இல்லத்தில் தங்கிப் படிக்கின்றான். போல்காட்டித் தீவில், ஒல்லாந்தர் 1744-இல் எழுப்பிய மாளிகையை அடுத்த புல்வெளியில் கோல்ஃப் ஆடுவோரைக் கண்டு, அவனுக்கும் ஆசை பிறந்தது. நண்பரொருவர் பழைய கோல்கள் சிலவற்றை அன்புடன் அளித்தார். பழகப் பழகக் கைவரும் என்று எண்ணிய நான், வீட்டின் பின்புறம் வலை கட்டி, நாள்தோறும் 200 பந்துகள் அடிக்குமாறு அவனைப் பணித்தேன். மூன்றாம் திங்களில் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டான். அப்போது அவனுக்கு வயது 14.

மருத்துவர் அவனை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். ஐந்து நொடிகூட அவனால் அசையாது நிற்க இயலவில்லை. “அடித்தளம் இல்லாத வீட்டுக்கு மாடி கட்டியிருக்கிறீர்கள்” என்றார் அவர். அச்சொல் பையனுக்கன்று, எனக்கே உரியது.

கோல்ஃபைக் கைகளின் ஆட்டம் என்று நான் கருதியிருந்தேன். உண்மையில் அது பாதத்தில் தொடங்குவது. வலக்கை ஆட்டக்காரர் கோலைப் பின்னோக்கி உயர்த்தும்போது உடற்பாரம் வலக்காலுக்குச் செல்கிறது. அடிக்கும்போது அது இடக்காலுக்கு மாற, இடுப்பு முதலில் திரும்புகிறது. பின் மார்பும் தோளும், அதன்பின் கைகள், இறுதியிற் கோல். கோல் இறங்கிப் பந்தைத் தொடுவதற்கு ஏறத்தாழக் கால் நொடியே ஆகும். அதற்குள் இத்தனையும் முறை தவறாது நிகழவேண்டும்.

ரயில்வேக்காரன் ஆதலின் எனக்குத் தெரிந்த உவமையைச் சொல்கிறேன். பழைய கேபின்களில் தண்டவாளத்தின் தடம் மாறிப் பூட்டு விழுந்தாலன்றிக் கைகாட்டி இறங்காது. உடலில் அத்தகைய பூட்டு இல்லை. இடுப்பு ஆயத்தமாகாவிடினும் கை வீசிவிடும். அதன் சுமையை முதுகு தாங்கும். கோல்ஃப் ஆடுவோர்க்கு முதுகின் கீழ்ப்பகுதியிலேயே காயம் மிகுதியாக நேர்கிறது.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்லவேண்டுவதில்லை. ஃபோர்ட் கொச்சியின் தோபி கானாவில் நம் தமிழ்ப் பெரியோர்கள் துணி துவைப்பதைப் பாருங்கள். ஊன்றிய பாதம் வழுவாது. இடுப்பு திரும்ப, தோள் தொடர, ஈரத்துணி கல்லில் விழும். கைவலிமை ஒன்றையே நம்பினால் ஒரு நாளும் தாங்காது. உழைப்பு அவர்களுக்குக் கற்பித்ததைப் பள்ளிச் சிறார்க்கு நாம் பயிற்சியாற் கற்பிக்கவேண்டும்.

அப்பயிற்சிகள் எளியவை, பொருட்செலவு அற்றவை.

முதலாவது சமநிலை. வெறுங்காலுடன் ஒற்றைக் காலில் நின்று, சுவரில் ஒரு புள்ளியை நோக்குக. முப்பது நொடி நின்றபின் கால் மாற்றுக. இது கைவந்தபின், அதே நிலையில் தோள்களை மெல்ல இருபுறமும் திருப்புக. கண்மூடி நிற்பது அடுத்த படி. அப்போது பெரியவர் ஒருவர் அருகிருத்தல் வேண்டும்.

இரண்டாவது ஒத்திசைவு. டென்னிஸ் பந்தை ஒரு கையாற் சுவரில் எறிந்து மறு கையாற் பிடிக்கவும். கயிறு தாண்டவும். நாம் மறந்துவரும் கிட்டிப்புள்ளும் நொண்டியும் கண்ணையும் கையையும் காலையும் இணைக்கும் அருமையான ஆட்டங்கள்.

மூன்றாவது நடுவுடலின் உறுதி. அதாவது வயிறு, விலா, இடுப்பு, கீழ்முதுகுத் தசைகளின் உறுதி. முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி, உடலைப் பலகைபோல் நேராக இருபது நொடி நிறுத்துக, இடுப்பு தொய்யலாகாது. பின்னர் கைகளும் முழங்கால்களும் தரையிலிருக்க, வலக்கையையும் இடக்காலையும் மெல்ல நீட்டுக, பக்கம் மாற்றுக. ஒவ்வொரு பக்கமும் எட்டு முறை போதும். கோல்ஃப் ஒருபுறமே திரும்பும் ஆட்டம் ஆதலால், மறுபுறமாகவும் பந்தின்றிப் பத்து முறை வீசிப் பழகுதல் நன்று.

வாரத்தில் மூன்று நாள், பதினைந்து நிமிடம் போதும். வலி தோன்றினால் உடனே நிறுத்துக. தேர்ந்த பயிற்சியாளர் உடனின்றிச் சிறுவர் பெரும்பளு தூக்கவேண்டா.

வலிமையே வெற்றி என்பார்க்கு ஒன்று சொல்வேன். பெங்களூரின் அதிதி அசோக், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றார். ஒரே ஓர் அடியிற் பதக்கம் தவறியது. அப்போட்டியில் மிகத் தொலைவு அடித்தவர்களுள் அவர் ஒருவரல்லர். குழியருகே பந்தை உருட்டும் அமைதியும் நுட்பமுமே அவரை உயர்த்தின. அவருக்குக் கோற்பை சுமந்து உடன் நடந்தவர் அவர் அன்னையார். பெற்றோரின் கடமை பந்துகளை எண்ணுவதன்று, உடன் நடப்பதே என்பதை நான் அவரிடமிருந்து கற்றேன்.

என் மருமகன் ஆறு திங்கள் கோலைத் தொடவில்லை; மேற்சொன்ன பயிற்சிகளையே செய்தான். இன்று அவன் நாளொன்றுக்கு 40 பந்துகளே அடிக்கின்றான். ஒவ்வொன்றையும் அடித்தபின், பந்து விழும்வரை இடக்காலில் அசையாது நிற்கிறான். நான் இப்போது பந்தைப் பார்ப்பதில்லை. அவன் காலையே பார்க்கின்றேன்.

இளந் தோழர்களே! எந்த ஆட்டத்தை விரும்பினும் ஆடுங்கள். இது செல்வர் ஆட்டம், நமக்கேது என்று கூசவேண்டா. ஆனால் கோல் எடுக்குமுன் கால் ஊன்றக் கற்றுக்கொள்ளுங்கள்.