டார்பி அருகே ஒரு மாளிகை, கொல்கத்தாவில் அதன் மறுபிறவி



இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டார்பி நகரத்திலிருந்து சில மைல் தொலைவில் கெடில்ஸ்டன் ஹால் என்றொரு மாளிகை இருக்கிறது. கொல்கத்தாவில் ஆளுநர் மாளிகையைப் பார்த்தவர்கள் இதன் முன்னால் போய் நின்றால், எங்கோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று யோசிப்பார்கள். அந்தச் சாடைக்குக் காரணம் உண்டு.

கர்சன் குடும்பம் பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் அங்கே வாழ்ந்துவருகிறது. 1758இல் சொத்து நத்தேனியல் கர்சன் கைக்கு வந்தது. முப்பது வயதைத் தாண்டியிருந்த மனிதர், கலையில் பித்து, பக்கத்து மாவட்டத்துப் பிரபுக்களை மிஞ்சிக் காட்ட வேண்டும் என்ற வேகம். பழைய வீடு இடிபட்டது. ஜன்னலிலிருந்து பார்த்தால் பச்சைவெளி மட்டுமே தெரிய வேண்டும் என்பதற்காகக் கிராமமும் இடம் மாறியது, சாலையும் மாறியது. தப்பியது தேவாலயம் மட்டும். இன்றும் அது மாளிகையின் விலாவில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

வேலையைத் தொடங்கியவர் மாத்யூ பிரெட்டிங்ஹாம். அடுத்து வந்தவர் ஜேம்ஸ் பெயின். அதற்குள் ரோமில் படித்துவிட்டுத் திரும்பியிருந்தார் ராபர்ட் ஆடம் என்ற ஸ்காட்லாந்து இளைஞர். தோட்டத்துக் கட்டடங்களை வரைந்து தரத்தான் அவரை முதலில் கூப்பிட்டார்கள். ஏரிக்கரையில் அவர் கட்டிய மீன்பிடி மண்டபம் இன்னும் இருக்கிறது. சீமாட்டிகள் வெயில் படாமல் மேல்தள ஜன்னலிலிருந்தே தூண்டில் போடலாம். கீழே குளிர்ந்த நீரில் குளிக்க ஒரு தொட்டி! ஆடமின் கைவண்ணத்தில் நத்தேனியல் சொக்கிப்போனார். 1760 வாக்கில் முழுப் பொறுப்பும் ஆடமிடம் வந்துவிட்டது.

வடக்கு முகப்பில் ஆறு பெருந்தூண்கள். உள்ளே நுழைந்தால் மார்பிள் ஹால். சுவரில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. வெளிச்சம் கூரையிலிருந்து இறங்குகிறது. இருபுறமும் இளஞ்சிவப்பு ரேகை ஓடும் அலபாஸ்டர் கல்லில் 20 தூண்கள், ஒவ்வொன்றும் 25 அடி உயரம். அதைத் தாண்டினால் வட்டமான சலூன் கூடம். ரோமின் பாந்தியன் கோயிலை மனத்தில் வைத்துக் கட்டியது. குவிமாடம் 62 அடி உயரத்தில் முடிகிறது. தெற்கு முகப்புக்கு மாதிரி, ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைனின் வெற்றி வளைவு. ஆடுமாடு மேயும் டார்பிஷயர் மேட்டில் வெற்றி வளைவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம்தான். ஆனால் அந்த முகப்பில் சுவர் முன்னே வருவதும் பின்வாங்குவதும், படிகள் இருபுறமும் வளைந்திறங்குவதுமாகக் கல்லுக்கே ஒரு அசைவு வந்துவிடுகிறது. ஆடமின் மேதைமையை நான் பார்ப்பது அங்கேதான். தூண்களின் கம்பீரத்தில் அல்ல.

வேடிக்கை என்னவென்றால், இந்த நடுக்கட்டடத்தில் யாரும் குடியிருக்கவில்லை. அது விருந்தினருக்குக் காட்டுவதற்கு. குடும்பம் ஒரு பக்கத்துத் துணைக்கட்டடத்தில் வாழ்ந்தது. சமையல் மறுபக்கத்துத் துணைக்கட்டடத்தில். இரண்டையும் நடுக்கட்டடத்தோடு இணைப்பவை வளைந்த நடைக்கூடங்கள். சமைத்ததெல்லாம் அந்த நீளத்தைக் கடந்துதான் விருந்து மேசைக்கு வர வேண்டும். 1777இல் அகராதி புகழ் டாக்டர் ஜான்சன் வந்து பார்த்தார். தூண் வைத்த கூடத்தில் நீதிபதிகள் உட்காரலாம், வட்டக் கூடத்தில் ஜூரிகளை வைக்கலாம், மாடியில் கைதிகளை அடைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்! எனக்கென்னவோ அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

திட்டப்படி நான்கு மூலைக்கும் நான்கு துணைக்கட்டடங்கள் வந்திருக்க வேண்டும், நண்டு கால் விரித்தது போல. வடக்கே இரண்டு எழுந்தன. தெற்கே வர வேண்டிய இரண்டும் காகிதத்திலேயே நின்றுவிட்டன.

அவை கல்கத்தாவில் எழுந்தன. 1798இல் கவர்னர் ஜெனரலாக வந்த வெல்லெஸ்லி, கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வியாபாரக் கடை என்ற எண்ணத்தையே ஒழிக்க நினைத்தார். ஆள்பவனுக்கு அரண்மனை வேண்டும் என்றார். இன்றைய ஆளுநர் மாளிகையின் வேலை 1799இல் தொடங்கியது, 1803இல் முடிந்தது. வடிவமைத்தவர் சார்லஸ் வையட் என்ற கம்பெனிப் பொறியாளர், முன்மாதிரி கெடில்ஸ்டன். டார்பிஷயரில் கல், இங்கே செங்கலும் சுண்ணாம்புப் பூச்சும். நான்கு கைகளும் இங்கே முழுமை பெற்றன; வங்காளப் புழுக்கத்துக்கு நாலாபுறமும் காற்று வாங்கும் அந்த அமைப்பு பொருத்தமாகவே அமைந்தது. செலவுக் கணக்கைப் பார்த்த லண்டன் இயக்குநர்கள் கொதித்துப்போனார்கள். 1805இல் வெல்லெஸ்லி ஊர் திரும்பியதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம். அடுக்களைத் தொல்லையோ அங்கே இன்னும் மோசம். 1880களில் வைஸ்ராயின் மனைவியாக அங்கே வாழ்ந்த லேடி டஃப்ரின், சமையலறை கல்கத்தாவில் எங்கோ இருக்கிறது, இந்த வீட்டில் மட்டும் இல்லை என்று எழுதிவைத்தார்.

இனி வருவது கதாசிரியர்கள்கூடத் துணியாத திருப்பம். கெடில்ஸ்டனில் 1859இல் பிறந்த ஜார்ஜ் நத்தேனியல் கர்சன், 1899இல் வைஸ்ராயாகக் கல்கத்தா வந்து, தான் பிறந்த வீட்டின் சாயலுக்குள்ளேயே குடியேறினார். மின்விளக்கும் லிஃப்டும் அவர் காலத்தில்தான் அங்கே வந்தன. 1905இல் வங்காளத்தை இரண்டாகப் பிரித்த அதே கர்சன்தான். அந்த முடிவு ஆறே ஆண்டுகளில் ரத்தானது. லிஃப்ட் பல தலைமுறைக்கு நிலைத்தது.

கெடில்ஸ்டன் 1987 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. ஆசிய நாடுகளில் கர்சன் சேர்த்த பொருள்களுக்கென்று கீழ்த்தளத்தில் ஒரு காட்சியகம் உண்டு. 1903 டெல்லி தர்பாருக்காக அவர் மனைவி மேரி அணிந்த மயில் ஆடையும் இந்த மாளிகையில்தான் இருக்கிறது. துணி முழுவதும் பொன், வெள்ளி ஜரிகையில் மயிலிறகுகள்; ஒவ்வொரு இறகின் கண்ணிலும் பச்சையாய் மின்னும் வண்டுச் சிறகு. ஆடையாகத் தைத்தது பாரீஸில். ஜரிகை வேலை டெல்லிக் கைவினைஞர்களுடையது. மார்பிள் ஹாலின் தூண்களைவிட அந்தக் கைகளின் வேலை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.