தண்டில் ஓடும் ரம்பம்



ஒரு புகைப்படச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலை, மூலைக்கு இரண்டாக எட்டு வெட்டு, ஒவ்வொன்றும் 45 டிகிரி. வெட்டுக்குக் கால் டிகிரி பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எட்டும் ஒரே பக்கம் பிசகினால் மொத்தம் இரண்டு டிகிரி. மூன்று மூலைகளை அழுத்திப் பொருத்திவிடலாம். மொத்தப் பிழையும் நான்காவது மூலைக்கு வந்து சேரும். சட்டம் 60 மில்லிமீட்டர் அகலம் என்றால் அங்கே ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் பிளவு. மரத்தூளைப் பசையில் குழைத்து அப்பி மறைப்பது நம் பட்டறைகளில் நடப்பதுதான். வார்னிஷ் அடித்ததும் அந்த இடம் தனியாகத் தெரிந்துவிடும்.

இந்த எட்டு வெட்டையும் பிசகாமல் போடுவதற்காக வந்த இயந்திரம்தான் மைட்டர் சா. அதன் பெரிய வடிவமான ஸ்லைடிங் காம்பவுண்ட் மைட்டர் சாவை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதே இன்றைய பேச்சு. நம் ஊரில் மரப் பட்டறையைவிட அலுமினியம் ஜன்னல் செய்யும் கடைகளில்தான் இந்த வகை இயந்திரத்தின் கீச்சொலியை அதிகம் கேட்கிறோம். இப்போது தச்சர்களும், வீட்டு மாடியில் மரவேலை பழகுகிறவர்களும் இதை விசாரிக்கிறார்கள்.

பெயரிலேயே மூன்று வேலை அடங்கியிருக்கிறது. அடித்தட்டு இடமும் வலமுமாகத் திரும்பும், அது மைட்டர். மேலே இருக்கும் ரம்பத் தலை பக்கவாட்டில் சாயும். அதுவும் சேர்ந்தால் காம்பவுண்ட். தலை முழுவதும் தண்டுகளின் மேல் முன்னும் பின்னும் ஓடும், அது ஸ்லைடிங். இம்மூன்றில் நமக்கு எது வேண்டும் என்று கேட்காமலே பணம் கொடுத்துவிடுகிறோம்.

முதலில் காம்பவுண்ட். அமெரிக்க வீடுகளில் சுவரும் கூரையும் சேரும் இடத்தில் மர வார்ப்பட்டை ஓடும். அதைத் தட்டில் படுக்கவைத்து மூலை வெட்ட, தட்டு 31.6 டிகிரி திரும்பி, தலை 33.9 டிகிரி சாய வேண்டும். அங்கே விற்கும் ரம்பங்களில் இந்த இரண்டு எண்களுக்கும் தனிக் குறியே இருக்கும். நம் வீடுகளில் அந்த வேலையை ஜிப்சம் செய்துவிடுகிறது. ஆகவே தலை இரண்டு பக்கமும் சாய்கிறதே என்று கூடுதல் விலை கொடுக்க நம்மில் பலருக்குத் தேவையில்லை. ஒரு பக்கம் சாய்ந்தால் போதும்.

ஸ்லைடிங் வேறு சங்கதி. பத்து அங்குல பிளேடு உள்ள சாதாரண மைட்டர் சா ஐந்தரை, ஆறு அங்குல அகலம் வரைதான் வெட்டும். அதே பிளேடு தண்டில் ஓடினால் ஏறக்குறைய ஓர் அடி அகலப் பலகையை வெட்டிவிடும். படிக்கட்டுப் பலகை, அலமாரித் தட்டு இவையெல்லாம் அந்த அளவுக்குள் வந்துவிடும். அதற்கு ஒரு விலை உண்டு, ரூபாயில் மட்டும் அல்ல. நிலையாக ஒரே அச்சில் இறங்கும் தலை ஆடாது. தண்டில் ஓடும் தலை ஆட இடம் உண்டு. மலிவான ரம்பங்கள் தோற்பது இங்கேதான்.

கடையில் இதைச் சோதிக்க மின்சாரமே தேவையில்லை. தலையை முழுவதும் முன்னால் இழுத்து, கைப்பிடியைப் பிடித்து இடமும் வலமும் மெல்லத் தள்ளிப் பாருங்கள். பிறகு தட்டை 45 டிகிரிக்குத் திருப்பிப் பூட்டி, அதேபோல் தள்ளுங்கள். தலை தளர்ந்து ஆடினால், பூட்டிய பிறகும் தட்டு நகர்ந்தால், மேற்கொண்டு பேரம் பேச வேண்டாம். கடைக்காரர் லேசர் கோட்டைப் போட்டுக் காட்டுவார். அழகாகத்தான் இருக்கும். கோடு நேராக விழுவதால் வெட்டும் நேராக விழும் என்று பொருளில்லை.

இன்னொன்று: இடம். பெரும்பாலான மாடல்களில் தண்டுகள் பின்பக்கம் நீளும்; சுவரை ஒட்டி வைக்க முடியாது. போஷ் நிறுவனம் சில மாடல்களில் தண்டுக்குப் பதிலாக, முழங்கை போல மடங்கும் கரம் வைத்து இதைத் தீர்த்திருக்கிறது. சிறிய அறையில் வேலை செய்கிறவர் முதலில் சுவருக்கும் மேசைக்கும் உள்ள தூரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போகட்டும்.

வீட்டுக்கு வந்ததும் தொழிற்சாலை வைத்த 90 டிகிரியை அப்படியே நம்பிவிடக் கூடாது. விளிம்புகள் நேரான, ஓர் அடி அகலப் பலகையைக் குறுக்கே வெட்டுங்கள். ஒரு துண்டைக் குப்புறப் புரட்டி, இரண்டையும் ரம்பத்தின் பின்தடுப்போடு ஒட்டிவைத்து, வெட்டு முனைகளைச் சேருங்கள். பிழை இருந்தால் இரட்டிப்பாகத் தெரியும். ஒரு முனையில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி என்றால் உண்மையான பிழை அரை மில்லிமீட்டர், கோணத்தில் பத்தில் ஒரு டிகிரி. மூலைமட்டத்தை வைத்துப் பார்ப்பதைவிட இது நுட்பமானது.

பிளேடு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ரம்பத்தோடு வருவது பெரும்பாலும் பல் குறைந்த, முரட்டு வேலைக்கான பிளேடு. சட்டமும் பீடிங்கும் சுத்தமாக வெட்ட 60 அல்லது 80 பல் கார்பைட் பிளேடு வேண்டும். பற்கள் முன்னோக்கிச் சாய்ந்தவையாக இல்லாமல் சற்றே பின்சாய்ந்தவையாகக் கேட்டு வாங்குங்கள்; முன்சாய்ந்த பல், ஸ்லைடிங் ரம்பத்தில் மரத்தைக் கவ்வித் தானே ஓடப் பார்க்கும். தேக்கு வெட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த மரத்தில் சிலிக்கா உண்டு, பிளேடு சீக்கிரம் மழுங்கும்.

வெட்டும் முறையைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். 1920களில் ரேமண்ட் டிவால்ட் என்ற அமெரிக்கர் உருவாக்கிய ரேடியல் ஆர்ம் ரம்பத்தில், சுழலும் பிளேடைத் தன்னை நோக்கி இழுத்து வெட்டுவார்கள். ஸ்லைடிங் மைட்டர் சாவில் அது ஆபத்து. பிளேடு மரத்தின் மேல் ஏறி ஆளை நோக்கிப் பாயும். தலையை முதலில் வெறுமனே முன்னால் இழுங்கள். சுவிட்சைப் போட்டு, பிளேடு முழு வேகம் எடுத்ததும் கீழே இறக்குங்கள், பிறகு பின்னால் தள்ளி வெட்டுங்கள். பிளேடு முற்றிலும் நின்ற பிறகே தலையைத் தூக்குங்கள். கட்டை வளைந்திருந்தால் புடைத்த பக்கம் பின்தடுப்பைத் தொட வேண்டும். மாற்றி வைத்தால் வெட்டு மூடிக்கொண்டு பிளேடை நெரிக்கும்.

மரத்தூளைப் பிடிப்பதில் இந்த இயந்திரம் மோசம், எந்த நிறுவனம் செய்தாலும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக அறிவித்துவிட்டது. கூடவே வரும் துணிப் பையை நம்பாமல் வேக்யூம் இணையுங்கள், முகக்கவசமும் போடுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மகனோ மருமகனோ வாங்கி அனுப்புகிறேன் என்றால் யோசியுங்கள். அது 120 வோல்ட் ரம்பம்; இங்கே அதற்குக் கனமான டிரான்ஸ்பார்மர் ஒன்று கூடவே வேண்டும்.

என் தீர்ப்பைக் கேட்டால், ஆறு அங்குலத்துக்கு மேல் அகலமான பலகை வாராவாரம் வெட்டுகிறவர் ஸ்லைடிங் வாங்கட்டும். சட்டமும் ரீப்பரும் பீடிங்குமே வேலை என்றால், அதே பணத்துக்கு ஓடாத, ஆடாத ரம்பமும் ஒரு நல்ல பிளேடும் கிடைக்கும்.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிளேடை மறைக்கும் மூடி வேலைக்கு இடைஞ்சல் என்று அதைக் கம்பியால் தூக்கிக் கட்டிவைக்கும் பட்டறைகள் உண்டு. உங்களுடையதும் அப்படியென்றால், நாளை வேலை தொடங்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்தக் கட்டை அவிழ்த்துவிடுங்கள்.