ஒரு கிலோ ஐதரசனும் மூன்று கிலோ கரியும்



இந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கப் பணித்த ஏற்பாட்டுக் குழுவினருக்கு நன்றி. தமிழில் இரசாயனவியல் பேசுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவருடைய முயற்சியால் 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் தமிழில் அச்சேறியது. அந்த வழியில் வந்த நாம் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், மெதேனிலிருந்து ஐதரசனையும் பயன்தரும் காபன் பொருள்களையும் பெறுவது.

உலகின் ஐதரசனில் பெரும்பங்கு இயற்கை வாயுவை நீராவியுடன் தாக்கமுறச் செய்தே பெறப்படுகிறது. அம்முறையில் ஒரு கிலோ ஐதரசனுக்கு ஏறத்தாழ 9 கிலோ காபனீரொட்சைட்டு வளிமண்டலத்தில் கலக்கிறது. ஒட்சிசன் புகாத உலையில் மெதேனை வெப்பத்தால் பிரித்தால், அதே காபன் திண்மமாக, வெறும் கரியாகக் கையில் கிடைக்கும். ஒரு மூல் ஐதரசனுக்காக நீரைப் பிரிக்கக் கொள்கையளவில் 286 கிலோயூல் சக்தி வேண்டும். மெதேனைப் பிரிக்க 37 கிலோயூல் அளவே போதும்.

தாக்கம் எளிது, உலை எளிதன்று. ஊக்கியின்றி நடத்த 1000 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் தேவை. நிக்கலும் இரும்பும் அந்த வெப்பநிலையைக் குறைக்கும். ஆனால் பிறக்கும் கரியே அவற்றின் மேற்பரப்பில் படிந்து அவற்றைச் செயலிழக்கச் செய்யும். 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நிக்கலும் பிசுமதும் கலந்த உருகிய உலோகத்தினூடே மெதேனைக் குமிழிகளாகச் செலுத்தினர். 1065 பாகையில் 95 வீதம் பிரிந்தது. கரி மேலே மிதந்து வந்தது.

இங்கேதான் என் பேச்சின் மையம் இருக்கிறது. நான்கு கிலோ மெதேன் ஒரு கிலோ ஐதரசனையும் மூன்று கிலோ கரியையும் தரும். 2023இல் உலகம் பயன்படுத்திய ஐதரசன் ஏறத்தாழ 9.7 கோடி தொன். அத்தனையையும் இவ்வழியில் செய்தால் 29 கோடி தொன் கரி குவியும். ரயருக்கும் மைக்கும் உலகம் ஆண்டுதோறும் வாங்கும் காபன் கரும்பொடியோ ஏறத்தாழ 1.5 கோடி தொன்தான். ஆகவே இம்முறையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப்போவது ஐதரசன் அல்ல, கரி. அந்தக் கரியின் பெறுமதி அதன் கட்டமைப்பில் தங்கியிருக்கிறது. ரயருக்குப் போகும் பொடி வேறு, மின்கலத்துக்குப் போகும் காரீயம் (கிரபைட்) வேறு. போகலச் சுரங்கத்துத் தூய காரீயத்தை உலகுக்கு அனுப்பும் நாட்டில் இருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மெதேன் எங்கே என்று கேட்பீர்கள். மன்னார்க் கடற்படுகையில் 2011இல் இரண்டு கிணறுகளில் வாயு கண்டறியப்பட்டது. அது இன்னும் கரையேறவில்லை. அதற்காக நாம் காத்திருக்க வேண்டாம். கல்லுண்டாய் வெளியில் குவியும் நகரக் கழிவிலும், சந்தைகளில் அழுகும் மரக்கறியிலும், மாட்டுத் தொழுவத்துச் சாணத்திலும் மெதேன் இருக்கிறது. அதன் காபன், பயிர்கள் காற்றிலிருந்து எடுத்த காபன். அதைத் திண்மக் கரியாக்கிப் பேணினால் காற்றிலிருந்து அவ்வளவு காபனை நாம் அகற்றியவர்களாவோம். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரருகே வூட்மன் பொயின்ற் கழிவுநீர் நிலையத்து வாயுவிலிருந்து, இரும்புத் தாதை ஊக்கியாகக்கொண்டு ஐதரசனும் காரீயமும் செய்யும் மாதிரி ஆலை 2024இல் இயங்கத் தொடங்கியது. கழிவு வாயுவால் முடியும் என்பதற்கு அதுவே சான்று.

இளம் ஆய்வாளர்களுக்கு இரண்டு கேள்விகளை வைக்கிறேன். பனங்கிழங்கு கிண்டிய பின் எஞ்சும் ஊமலைச் சுட்டுக் கரியாக்க அறிந்தவர்கள் நம் முன்னோர். உயிர்ப்பேற்றிய கரி மெதேனைப் பிரிக்கும் ஊக்கியாகத் தொழிற்படும் என்பது நிறுவப்பட்ட செய்தி. ஊக்கியும் விளைவும் கரியே என்பதால் அவற்றைப் பிரித்தெடுக்கும் சிக்கல் இல்லை. நமது ஊமற்கரி எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கும்? அடுத்தது, சாணவாயுவிலுள்ள ஐதரசன் சல்பைட்டு ஊக்கியைக் கெடுக்கும். இரும்பொட்சைட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். நமது செம்பாட்டு மண்ணின் நிறமே இரும்பொட்சைட்டால் வந்தது. அந்த மண் இந்த வேலையைச் செய்யுமா? இரண்டுக்கும் பெருஞ்செலவு வேண்டாம். ஓர் உலையும் பொறுமையும் போதும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். நூறாண்டுக் கணக்கில் மெதேன் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். குழாயில் கசிவு இருந்தால் உலையில் பெற்ற நன்மை அங்கேயே கரைந்துபோகும்.

எனவே இங்கு கட்டுரை படிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள்: எவ்வளவு ஐதரசன் கிடைத்தது என்பதோடு நிறுத்தாதீர்கள். எவ்வளவு கரி, எத்தகைய கரி, அது எங்கே போகும், எவ்வளவு மெதேன் தப்பியது என்பவற்றையும் சொல்லுங்கள். அந்தக் கணக்கு நேரானால்தான் இத்துறை நிலைக்கும். இந்த வேண்டுகோளோடு மாநாட்டைத் தொடக்கிவைக்கிறேன்.