முந்தின வரியையும் படிப்போம்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவள். சர்ச்சுக்குப் போறவள். நம்ம குழுக்களில் கோயிலுக்குப் போறவங்களும் தொழுகிறவங்களும் இருக்கீங்க. ஆனா நான் சொல்லப்போறது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான்.

தையல் மெஷினுக்காகக் குழுவில் முதல் கடன் வாங்கினேன். அன்று ராத்திரியே வீட்டுக்காரர் பணத்தைக் கேட்டார். தயங்கினேன். "மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படியணும்னு பவுல் எழுதலையா?" என்றார். வேதம் என்றதும் வாயடைச்சுப் போச்சு. கொடுத்துட்டேன். மெஷின் வரல. தவணையை ஓவர்டைம் பார்த்து நான்தான் கட்டினேன்.

பிறகு எபேசியர் 5ஆம் அதிகாரத்தை நானே எடுத்துப் படிச்சேன். அவர் சொன்னது 22ஆம் வசனம். முந்தின 21ஆம் வசனம், ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லுது. 25ஆம் வசனம், கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்த மாதிரி புருஷன் மனைவியை நேசிக்கணும் என்குது. கொடுக்கச் சொன்னது புருஷனை!

பெண்கள் சபையில் பேசக்கூடாது என்ற வசனமும் இருக்கு, மறைக்கல. ஆனா அதே பவுல் ரோமர் 16இல் பெபேயாளைச் சபையின் ஊழியக்காரி என்று மரியாதையோடு அனுப்பிவைக்கிறார். அடுத்து பிரிஸ்கில்லாள். அவளும் புருஷன் ஆக்கில்லாவும் கூடாரம் செய்கிற தொழிலாளிகள். அந்தக் காலத்தில் தோலிலும் கூடாரம் தைப்பாங்க. நம்ம தொழில்தான்! அங்கே பவுல் மனைவி பெயரைத்தான் முதலில் எழுதுறார். இரண்டு பேரும் சேர்ந்து உழைச்சாங்க, சேர்ந்தே அப்பொல்லோ என்கிற படிச்ச மனுஷனுக்கு உபதேசம் பண்ணினாங்க. நம்ம காலத்திலும் 2013இல் தென்னிந்தியத் திருச்சபையில் புஷ்பலலிதா அம்மா பேராயர் ஆனாங்க.

இரண்டாவது கடன் வாங்கினப்போ 21ஆம் வசனத்திலிருந்து அவருக்குப் படிச்சுக் காட்டினேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசல. ஆனா பணத்தைக் கேட்கல. மெஷின் வந்துச்சு. இப்போ தவணை நாளை அவரே ஞாபகப்படுத்துறார்.

சகோதரிகளே, எந்த வேதத்தைக் காட்டி யார் உங்களை அடக்கினாலும், அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கி, முந்தின வரியையும் பிந்தின வரியையும் படிங்க. படிக்கத் தெரியாதவங்க பக்கத்தில் குழுத் தோழி உட்காருங்க. தீர்மான நோட்டை அப்படித்தானே வாசிச்சுக் கேட்டுக் கையெழுத்துப் போடுறோம்?