எல்லை கடவாத அனுமதிப்பத்திரம்

சருமப் பராமரிப்பு இன்று தனித்ததொரு தொழிலாக வளர்ந்துள்ளது. முகத்தைத் தூய்மை செய்தல், மெழுகிட்டு உரோமம் நீக்குதல், மென்மையான அமிலத்தால் சருமத்தின் மேற்படையை உரித்தல் என்பன இத்தொழிலுக்குரிய பணிகள். கருவி தூய்மையற்றதாயின் நோய் தொற்றும்; அமிலத்தின் அளவு மிகுமாயின் முகம் புண்படும். ஆதலின், பயிற்சி பெற்று அனுமதிப்பத்திரம் உடையோரே இத்தொழிலைச் செய்யலாம் என்று ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்கள் விதித்திருப்பது நியாயமே.

ஆனால், அப்பத்திரத்தை வழங்குவது மத்திய அரசாங்கம் அன்று. தொழில்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அந்நாட்டில் மாநிலங்களுக்கு உரியது. மேற்கு வேர்ஜீனியாவின் மருத்துவர் ஒருவரைப் பற்றிய வழக்கில், 1889ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இவ்வதிகாரத்தை உறுதிப்படுத்திற்று.

இதன் பயனாக, ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது. புளோரிடாவில் 220 மணித்தியாலப் பயிற்சி போதும்; அதனை அடுத்துள்ள ஜோர்ஜியாவிலோ 1,000 மணித்தியாலம் வேண்டும். கலிபோர்னியா 600 மணித்தியாலமும் ரெக்சாஸ் 750 மணித்தியாலமும் கேட்கின்றன. மனிதரின் சருமம் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் ஒன்றுதான். எனினும், பல்லாண்டு தொழில் புரிந்த ஒருத்தி, கணவனின் உத்தியோக மாற்றத்தால் வேறு மாநிலத்திற் குடியேறும்போது, குறைந்த மணித்தியாலங்களை நிரப்புவதற்காக மீண்டும் பாடசாலைக்குச் செல்ல நேரிடலாம். கட்டணமும் செலவாகும், அக்காலத்து வருமானமும் இல்லாது போகும்.

இக்குறையை நீக்க முயற்சிகள் நடந்துள்ளன. பிற மாநிலத்தில் ஓராண்டேனும் அனுமதி பெற்றிருந்து, குற்றங்குறையின்றித் தொழில் புரிந்து, தன்னிடம் குடியேறுவோரின் தகுதியை ஏற்கும் சட்டத்தை அரிசோனா 2019இல் இயற்றியது. இராணுவக் கட்டளையால் இடம்பெயரும் படையினரும் அவர்தம் வாழ்க்கைத் துணைவரும் தம் தொழிலைத் தொடர்வதற்கு, 2023 ஜனவரியில் மத்திய சட்டமொன்று வழிசெய்தது. மாநிலங்கள் சில தமக்குள் செய்துகொண்ட அழகுக்கலை உடன்படிக்கை 2024இல் வலுப்பெற்றது. ஆயினும், அது கேச அலங்காரம் உட்பட முழு அழகுக்கலையும் பயின்றோருக்கே உரியது. சருமப் பராமரிப்பு அனுமதி மாத்திரம் உடையோர் அதற்குப் புறம்பாகவே நிற்கின்றனர்.

பொதுமக்களின் நலங்காக்கவே அனுமதிப்பத்திரம் தோன்றியது. தூய்மையையும் திறமையையும் பரீட்சித்தறிவது அந்நோக்கத்துக்குப் பொருந்தும். முன்னரே தகுதியை நிலைநாட்டிய ஒருத்தியை, வீடு மாறினாள் என்பதற்காக மட்டும் மாணவியாக்குவதால் எவருடைய முகமும் காக்கப்படுவதில்லை. உழைக்கும் கைகளே வெறுமனே கிடக்கின்றன.